ஊறினால்தான் பாய்!

கேள்வி: ஒரு வாரம் லீவு போட்டும் குற்றாலம் பக்கம் எட்டிப் பார்க்காமல், ஓலைக்கூடை பின்னுவதும் கிழிந்த பாயைத் தைப்பதுமாக இருக்கிறார் என் கணவர். இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா?
(வாசகி, தென்காசி)

பதில்: குற்றாலத்தில் பாய்வது தண்ணீர், பக்கத்து மாவட்டப் பத்தமடையில் பாயாவது கோரை! அந்தக் கோரையும் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறி, இழை இழையாய்க் கிழிபட்ட பிறகுதான் பட்டுப்பாய் ஆகிறது. 2013-ல் புவிசார் குறியீடும் வாங்கியது.

குற்றாலம் சித்திர சபையில் நடராசர் சிலையாக நிற்கவில்லை, ஓவியமாகவே ஆடுகிறார். கைவேலைக்குள் ஆண்டவனே குடியிருக்கும் ஊர் அம்மா உங்களுடையது. உங்கள் கணவர் தைத்த பாயை விரித்து உட்காருங்கள்; அடுத்த கூடையைச் சேர்ந்தே பின்னுங்கள்.