இன்ஜின் இறக்குபவர்

எந்தப் பட்டறைக்குப் போனாலும் இன்ஜினை 'இறக்கணும்' என்றுதான் சொல்வார்கள். பல கார்களில் இன்ஜின் வெளியே வர வேண்டுமானால் முதலில் மேலே ஏறியாக வேண்டும். இருந்தாலும் அதற்குப் பெயர் இறக்குவது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் கார் வைத்திருப்பவர்கள் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒரே ஒரு ரகத்துக்கு மட்டும் முகம் மலரும்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் ஹெரால்டு சார். ஏதோ ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் யாருக்கும் தெரியாது. போர்ட்டிகோவில், தார்ப்பாய்க்குள், அவருடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. ஓடிப் பார்த்தவர்கள் குறைவு. திறந்து பார்க்காதவர் இல்லை.

கேஸ் சிலிண்டர் போட வந்த பையன்கூட அதன் ஜாதகத்தைக் கேட்காமல் தப்பியதில்லை. "இங்கிலீஷ்காரன் 1959-ல ட்ரையம்ஃப் ஹெரால்டுன்னு விட்டான். வரைஞ்சவர் இத்தாலிக்காரர், மிக்கெலோட்டி. 1961-ல நம்ம மெட்ராஸ்லயே செய்ய ஆரம்பிச்சாங்க தம்பி. அவன் ஊர்ல ரெண்டு கதவோட நிறுத்திட்டான். நம்மாளுங்க 1968-ல நாலு கதவு வெச்சாங்க. 948 சிசி. எவ்வளவு?" பையன் 948 என்று ஒப்பித்த பிறகுதான் சிலிண்டருக்குக் காசு வரும்.

இவரிடம் ஒரு விசித்திரம். ஈரக் கையோடு ஃப்யூஸ் போடுவார். மேஜைமேல் பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் முக்காலி போட்டு ஏறி மின்விசிறி துடைப்பார். மொபெட்டில் எதிர்த்திசையில் வருவார். ஹெல்மெட் கண்ணாடியில் மாட்டியிருக்கும். ஆனால் இன்ஜின் இறக்கும் நாளில் மட்டும் அணுமின் நிலையத்து அதிகாரி ஆகிவிடுவார்.

காரணம் பழைய காயம். இளவயதில் மச்சான் பேச்சைக் கேட்டு, கொல்லை முருங்கை மரத்தில் கப்பி கட்டினாராம். முருங்கையில் காக்கை உட்கார்ந்தாலே யோசிக்க வேண்டும். இன்ஜின் ஒரு முழம் எழும்பியது, கிளை முறிந்தது, இன்ஜின் இருந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. நல்லவேளை, உள்ளே யாருடைய கையும் இல்லை. அந்த வருடம் முழுக்க வீட்டில் முருங்கைக்காய் சாம்பார் கிடையாது. மச்சானுக்குச் சாப்பாடே கிடையாது.

அதன்பிறகு மரத்தை நம்புவதில்லை. போர்ட்டிகோ சன்ஷேடில் கொக்கி மாட்டச் சொல்பவர்களைப் பார்வையாலேயே எரிப்பார். மூன்று தடித்த இரும்புக் குழாய்களை வெல்டிங் கடையில் கொடுத்துச் சொந்தமாக ஒரு முக்காலி செய்துவைத்திருக்கிறார். அடியில் கால் அகன்றுவிடாமல் மூன்றையும் சுற்றிச் சங்கிலி. மேலே ஒரு டன் தூக்கும் செயின் பிளாக். "இத்தனூண்டு இன்ஜினுக்கு ஒரு டன் எதுக்கு சார்?" என்று ஒருமுறை வாய்தவறிக் கேட்டுவிட்டேன். "முருங்கைமரமும் தாங்கும்னுதான் சொன்னான்" என்றார்.

வேலை முந்தைய இரவே தொடங்கிவிடும். முதலில் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுவார். பிறகு ரேடியேட்டர் தண்ணீர், இன்ஜின் ஆயில். பெட்ரோல் பைப்பைக் கழற்றி, அதன் வாயில் பேரனின் பென்சில் துண்டைச் செருகுவார். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போகும், கூடவே ஒரு சீட்டு. ஒன்றை எடுத்துப் படித்தேன்: 'வாட்டர் பம்ப். ஒன்று குட்டை. குட்டையைக் கீழே போடு. போன தடவை மேலே போட்டாய்.' தன்னைத் தானே இப்படி ஒருமையில் அதட்டும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

காலை ஆறு மணிக்கு எனக்கு அழைப்பு. ஹெரால்டில் பானெட் என்பது வெறும் மூடியல்ல. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் முதலை வாய்போல முன்பக்கமாகச் சாயும். முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், அவ்வளவு வசதி. ஆனால் முக்காலியை நிறுத்த அதுவே இடைஞ்சல். ஆகவே விளக்கு ஒயர்களைப் பிரித்து, முழு பானெட்டையும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி, மொட்டைமாடியில் கொண்டுபோய்க் கவிழ்த்தோம். என் முதுகுக்கு அன்றைய பாடு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

எட்டு மணிக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சங்கிலியைத் தொடாத அத்தனை பேருக்கும் வேலை தெரிந்திருந்தது. பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் புவியீர்ப்பு மையம் பற்றிப் பேசினார். பால்காரர் கயிறே போதும் என்றார். யாரோ ஒருவர் வால்வு மூடியில் கட்டித் தூக்கலாமே என்று சொன்னதுதான் தாமதம், ஹெரால்டு சார் ஸ்பானரைக் கீழே வைத்தார். "அது தகர மூடி. ஹெட்டுல கொக்கி மாட்டவே வளையம் இருக்கு. தெரியலேன்னா அந்தக் கோட்டுக்கு அப்பால நில்லுங்க." தரையில் நிஜமாகவே சாக்பீஸ் கோடு போட்டிருந்தார். தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. போகிறவர் இந்த வீட்டில் இனிமேல் காபி குடிக்க முடியாது.

அடுத்த கட்டம்தான் நுணுக்கம். கியர்பாக்ஸ் காரிலேயே இருக்கும். இன்ஜின் மட்டும் பிரிந்து வர வேண்டும். பிரிந்ததும் கியர்பாக்ஸின் முகம் தொங்கிவிடும் என்பதால், சேஸிசின் குறுக்கே ஒரு தேக்குச் சட்டம் போட்டு அதைத் தாங்கலாகக் கட்டியிருந்தார். செயினை இழுக்க இழுக்கக் கடகடவென்று சங்கிலி விறைத்தது. மவுண்டிங் ரப்பரிலிருந்து இன்ஜின் ஒரு விரற்கடை எழும்பியதும், "போதும்!" என்று கத்தினார். கியர்பாக்ஸிலிருந்து நீளும் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் நடுவில் செருகியிருக்கிறது. மேலே தூக்கினால் முழுப் பளுவும் அதன்மேல் விழும். நேராக முன்னால் இழுத்து உருவ வேண்டும். இரண்டு கையாலும் இன்ஜினைப் பிடித்து, இப்படி ஒரு அசைப்பு, அப்படி ஒரு அசைப்பு. வரவில்லை. கூட்டத்தில், "அடிச்சுப் பாருங்க சார்" என்றது ஒரு குரல். அவர் காதை இன்ஜினோடு வைத்துக்கொண்டு, "வா... வந்துடு... ஒண்ணுமில்ல, வந்துடு" என்றார். பேரனைப் பள்ளிக்கூட வேன் ஏற்றும்போதுகூட அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

'களுக்' என்று ஒரு சத்தம். வந்துவிட்டது.

பிறகு மளமளவென்று மேலே. பாரம் போனதும் காரின் மூக்கு, தலைச்சுமை இறக்கிய கீரைக்காரியைப்போல நிமிர்ந்தது. தொங்குவதைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாதாம். காரைத்தான் பின்னால் தள்ள வேண்டுமாம். சக்கரத்துக்கு வைத்திருந்த கட்டையை எடுத்துவிட்டுத் தள்ளினோம். பழைய லாரி டயர் ஒன்றை நடுவில் உருட்டிப் போட்டு, அதன்மேல் இன்ஜினைத் தாழ இறக்கினார். கூட்டம் கைதட்டியது. உள்ளேயிருந்து கேசரி வந்தது. எல்லாரும் போனபின் காட்டன் வேஸ்ட்டால் இன்ஜினைத் துடைத்தபடி, "எதுக்கு இறக்கினீங்க சார், என்ன கோளாறு?" என்று நான் கேட்டதற்கு, அவர் கொஞ்சம் யோசித்தார்.

"ஒரு சின்ன சத்தம் இருந்துது சார். இருந்த மாதிரி இருந்துது."

அது தையில். சித்திரையில் மறுபடி அழைத்தார். "ஞாயித்துக்கிழமை இன்ஜினை ஏத்துறேன், வந்துடுங்க." (வண்டிக்குள் மேலிருந்து கீழே இறக்குவதற்குத்தான் ஏற்றுவது என்று பெயர்.) போனேன். முக்காலி நின்றது, சாக்பீஸ் கோடு புதிதாக இருந்தது. பானெட்டை எடுத்துவர மொட்டைமாடிக்கு ஏறினோம். கவிழ்ந்துகிடந்த பானெட்டின்மேல் நனைத்துப் பிழிந்த வேட்டி விரித்து, ஹெட்லைட் முதல் மட்கார்டு வரை வரிசையாகக் கூழ்வற்றல் பிழிந்திருந்தது. இரும்பு நன்றாகச் சுடுகிறதாம்; தரையைவிடச் சீக்கிரம் காய்கிறதாம்.

"அதைத் தொடாதீங்க" என்று கீழேயிருந்து அவர் மனைவியின் குரல். "இன்னும் ரெண்டு வெயில் வேணும்."

என் முதுகு மனதார நன்றி சொன்னது. ஹெரால்டு சார் முகத்தைப் பார்த்தேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். படியிறங்கும்போதே பைக்குள்ளிருந்து ஸ்பானரை உருவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாள் இருக்கே சார். அதுக்குள்ள வாட்டர் பம்பை மட்டும் இன்னொரு தடவை பிரிச்சுப் பார்த்துடலாமா?"