குள்ளரும் மந்திரவாதி ஆகலாம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குப் புதிய விதிகள் வரப்போகின்றன என்று செய்தி வந்தால் போதும், அன்றைக்கு மேஜையில் ஆட்டம் நடக்காது, விவாதம்தான் நடக்கும். எந்த மந்திரம் போகும், எந்த ஆயுதத்துக்குப் பலம் கூடும், நாலு வருஷமாக வளர்த்த கதாபாத்திரத்தைப் புதுப் புத்தகத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று நள்ளிரவு தாண்டியும் பேச்சு ஓடும். இந்தக் காத்திருப்பை நான் இரண்டு முறை அனுபவித்திருக்கிறேன். முதல் முறை 1999-இல், அமெரிக்காவில் மேற்படிப்பு மாணவனாக. அடுத்தது 2022-இல், கல்லூரியில் படிக்கும் மகள் நடத்தும் ஆட்டத்தில் ஓர் ஆட்டக்காரனாக. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறுதிப்படுகிறது. ஒரு விதி நல்லதா என்று தெரிய வேண்டுமானால், மேஜையில் யாருக்கு மிகக் குறைவாகத் தெரியுமோ, யாருடைய கதாபாத்திரம் மிகவும் பலவீனமாக இருக்கிறதோ, அவருக்கு அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் கட்டம் போட்ட பலகை கட்டாயமில்லை. டன்ஜன் மாஸ்டர் என்கிற ஒருவர் கதையின் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். செய்தது பலித்ததா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். 1974-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸும், மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசனும் இதை வெளியிட்டார்கள். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். முதல் அச்சு ஆயிரம் பிரதிகள்.

எனக்கு அறிமுகமானபோது 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு நடப்பில் இருந்தது. இயற்பியல் துறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அமெரிக்க சீனியர் ஒருவர் தன் அபார்ட்மென்டில் சனிக்கிழமை இரவுகளில் ஆட்டம் நடத்துவார். வெளியே பனி கொட்டும். உள்ளே ஹீட்டர் சத்தம், பீட்சா அட்டைப் பெட்டிகள், பென்சில் தூள். நானும் என் அறைத்தோழனான மதுரைக்காரனும் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

அன்றைய விதிகளில் முதல் சுவர் கணக்குதான். எதிரியின் கவசத்துக்கு ஓர் எண் உண்டு. அது குறையக் குறையக் கவசம் பலமானது. சாதாரண உடை என்றால் 10, நல்ல இரும்புக் கவசமும் கேடயமும் என்றால் 2. மந்திரக் கவசம் என்றால் பூஜ்யத்துக்கும் கீழே போகும். பூஜ்யக் கவசத்தைத் தாக்க இருபது முகப் பகடையில் எவ்வளவு விழ வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு கதாபாத்திரத்திடமும் ஓர் எண் இருக்கும். அதற்குப் பெயர் தாக்கோ. மூன்றாம் நிலை வீரனுக்கு அது 18. எதிரியின் கவசம் 3 என்றால் 18-இல் 3 போக 15 விழ வேண்டும். கவசம் மைனஸ் 2 என்றால் 20 விழ வேண்டும். பழகியவர்களுக்கு இது சில நொடி வேலை. புதிதாக வந்தவர்களோ பகடையை உருட்டிவிட்டு, பட்டதா படவில்லையா என்று பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார்கள். தன் அடி விழுந்ததா என்பதை இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அந்த ஆட்டம் அவருடைய கையில் இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது சுவர், யார் என்னவாகலாம் என்பது. மதுரைக்காரனுக்குக் குள்ளர் இனத்தில் ஒரு மந்திரவாதி வேண்டும். மலைக்குள் சுரங்கம் வெட்டும் குடும்பத்தில் பிறந்து, சுத்தியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏடு படிக்கப் போன ஒருத்தன். கதையை அவன் அழகாகச் சொன்னான். சீனியர் புத்தகத்தைப் புரட்டி, வருத்தத்தோடு தலையை ஆட்டினார். குள்ளருக்கு வீரன், திருடன், பூசாரி என்று சில வழிகள்தான் திறந்திருந்தன.

திரும்பி நடந்து வரும்போது அவனுக்கு ஆறவில்லை. "ஏன்டா, குள்ளன் மந்திரம் போட்டா என்ன கெட்டுப்போச்சு?"

"புத்தகத்துல இல்லைடா மாப்ள."

"அப்ப எவன் பொறந்த வீட்ட வச்சு என்ன படிக்கலாம்னு முடிவு பண்றதுக்கு இங்க வந்தும் ஒரு புத்தகமா?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நியாயமான பதில் எதுவும் இல்லை. மனிதர் அல்லாத இனங்களுக்கு நிலை உயர்விலும் உச்சவரம்பு இருந்தது. எல்ஃப் இனத்து மந்திரவாதி பதினைந்தாம் நிலையோடு நிற்க வேண்டும், மனிதனுக்கு அந்தத் தடை கிடையாது. இத்தனைக்கும் இரண்டாம் பதிப்பே ஒரு முன்னேற்றம். 1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் பெண் கதாபாத்திரங்களின் உடல்பலத்துக்கு ஆண்களைவிடக் குறைவான உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 1989-இல்தான் அதை நீக்கினார்கள்.

1999 ஆகஸ்டில், மில்வாக்கியில் நடந்த ஜென் கான் விளையாட்டு விழாவில் மூன்றாம் பதிப்பை அறிவித்தார்கள். அதன்பின் மாதாமாதம் டிராகன் இதழில் கொஞ்சம் கொஞ்சமாகப் புது விதிகள் கசிந்தன. சீனியர் சந்தா கட்டியிருந்தார். இதழ் வந்த வாரம் ஒரு பிரதியைச் சுற்றி எல்லோரும் கூடுவோம். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்போம். கருத்துச் சொல்ல எங்களுக்கு வழி கிடையாது. வருவது வரட்டும் என்று காத்திருந்தோம்.

2000 ஆகஸ்டில் புத்தகம் வந்தது. தாக்கோ போய்விட்டது. கவச எண் மேல்நோக்கி ஏறியது. பகடையோடு உன் பலத்தைக் கூட்டு, கவச எண்ணைத் தொட்டால் அடி விழுந்தது, அவ்வளவுதான். பழைய 3 இப்போது 17. மூன்றாம் நிலை வீரன் மூன்றைக் கூட்டினால், தேவைப்படுவது 14. வாய்ப்பு பெரிதாக மாறவில்லை. ஆனால் இப்போது புதிதாக வந்தவர் தானே கூட்டிப் பார்த்து, "பட்டது!" என்று கத்த முடிந்தது. இனத்தை வைத்துத் தொழிலை மறுக்கும் பட்டியலும் அதோடு போனது. மதுரைக்காரன் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தான். பிறகு பென்சிலை எடுத்துப் புதுத் தாளில் முதல் வரியாக, குள்ளர், மந்திரவாதி என்று எழுதினான்.

அடுத்த இருபது வருஷத்தில் விளையாட்டு பல திருப்பங்களைக் கண்டது. 2003-இல் திருத்தம். 2008-இல் நான்காம் பதிப்பு. அதை ஏற்காதவர்களில் பலர், 2009-இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற போட்டி விளையாட்டின் பக்கம் போனார்கள். 2012-இல் தொடங்கிய பொதுச் சோதனைக்குப் பிறகு 2014-இல் ஐந்தாம் பதிப்பு வந்து, பிரிந்தவர்களில் பலரைத் திரும்ப உட்கார வைத்தது. இதில் நான் பெரிதாக மதிப்பது மந்திரவாதிக்குக் கிடைத்த விடுதலை. இரண்டாம் பதிப்பில் முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். உயிர்ப் புள்ளிகள் நான்கு முகப் பகடையில் விழுவதுதான். மந்திரத்தைப் போட்டு முடித்தால் மீதி இரவு முழுக்கக் கத்தியோடு பின்வரிசையில் நிற்க வேண்டும். நான்காம் பதிப்பிலிருந்து, எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய சிறு மந்திரங்கள் அவருக்குக் கிடைத்தன. ஆட்டம் நடக்கும் நேரமெல்லாம் அவரும் ஆடுகிறார்.

இனி இந்தக் காலத்துக் காத்திருப்பு. 2022 ஆகஸ்டில், ஐந்தாம் பதிப்பைத் திருத்துவதற்கான முதல் சோதனைத் தொகுப்பு வெளியானது. யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடிப் பார்த்து, கேள்வித்தாளில் கருத்து எழுதலாம். மகளும் அவள் தோழர்களும் ஒவ்வொரு தொகுப்பையும் உண்மையாகவே ஆடிப் பார்த்த பிறகுதான் பதில் எழுதினார்கள். முதல் தொகுப்பில், பகடையில் 20 விழும்போது கிடைக்கும் இரட்டைச் சேதம் அரக்கர்களுக்குக் கிடையாது என்று ஒரு யோசனை இருந்தது. அரக்கர்களைப் பார்த்துப் பயம் போய்விட்டால் ஜெயிப்பதில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அந்த யோசனை கைவிடப்பட்டது. ட்ரூயிட் என்ற தொழிலைச் சேர்ந்தவர் மிருகமாக உருமாறும்போது எல்லா மிருகத்துக்கும் சில பொது வார்ப்புகள் மட்டுமே என்ற திட்டமும் எதிர்ப்பைப் பார்த்துப் பின்வாங்கப்பட்டது.

2023 ஜனவரியில் இன்னும் பெரிய ஒன்று நடந்தது. இந்த விதிகளை அடிப்படையாக வைத்து மற்றவர்களும் நூல்கள் வெளியிட 2000-இலிருந்து இருந்துவந்த திறந்த உரிமத்தை மாற்றும் முயற்சி வெளியே தெரிந்தது. ஆட்டக்காரர்களும் சிறு பதிப்பாளர்களும் கொதித்தெழுந்தார்கள். அதே மாதம் 27-ஆம் தேதி விளையாட்டை வெளியிடும் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. இருபது வருஷத்துக்கு முன் ஓர் இதழைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர்களுக்கு, இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

2024 செப்டம்பர் 17 அன்று புதிய ஆட்டக்காரர் கையேடு வந்தது, 384 பக்கம். அதிலிருக்கும் மாற்றங்களில் மிகச் சிறியது ஒன்றைச் சொல்கிறேன். 2014 விதிப்படி காயம் ஆற்றும் மருந்தைக் குடித்தால் அந்த முறைக்கான உன் செயல் முடிந்தது. அடிக்கவோ மந்திரம் போடவோ முடியாது. இப்போது அது கூடுதல் செயல், அதாவது போனஸ் ஆக்‌ஷன். குடித்துவிட்டு அடிக்கலாம்.

மகளின் மேஜைக்கு ஒரு தோழி முதல் தடவையாக வந்திருந்தாள். அவளுடைய வீராங்கனைக்கு மூன்றே உயிர்ப் புள்ளிகள் மீதி. எதிரில் ஓக்ர் அரக்கன். மருந்துக் குப்பியைத் திறக்கிறேன் என்றாள். நான்கு முகப் பகடை இரண்டை உருட்டி, இரண்டைக் கூட்டி, ஏழு வந்தது. முறை முடிந்தது என்று நினைத்துத் தாளைக் கீழே வைக்கப் போனாள். இன்னும் அடிக்கலாம் என்று மகள் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெருவாளை வீசினாள். பகடை ஏமாற்றியது. ஆனால் புதிய விதியில் ஆயுதங்களுக்குத் தனித் திறன் உண்டு. அதில் பழகிய வீரர் கையில் பெருவாள் குறி தவறினாலும், வீசியவரின் பலத்துக்கு ஏற்ப ஒரு கீறலாவது போடும். அந்தக் கீறலில் ஓக்ர் சாய்ந்தது. மேஜையே கைதட்டியது.

மகள் என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "பழைய ரூலா இருந்தா இவ இந்த டர்ன் முழுக்கச் சும்மா நின்னிருப்பாப்பா."

இந்த மருந்து விதி புத்தகத்துக்கு வருவதற்கு வெகுமுன்பே ஏராளமான மேஜைகளில் நடப்பில் இருந்தது. தாயத்தில் வெட்டில்லாமல் பழத்துக்குப் போகலாமா கூடாதா என்று வீட்டுக்கு வீடு ஒரு சட்டம் வைத்திருப்பது போல, இங்கேயும் ஒவ்வொரு மேஜைக்கும் சொந்த விதிகள் உண்டு. நல்லதாக இருந்த ஒன்றைப் புத்தகம் எடுத்துக்கொண்டது. விதிகள் வளர வேண்டிய முறை இதுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் குறை இருக்கிறது. 2014 புத்தகத்தில் இனம்தான் திறன் எண்களைக் கூட்டிக் கொடுத்தது. அரை ஓர்க் இனத்தவனுக்கு உடல்பலம் கூடும், அறிவு கூடாது. அதனால் அவன் மந்திரவாதியானால் தொடக்கத்திலேயே பின்தங்குவான். 2020-இல் வந்த டாஷா என்ற துணை நூல் அந்த எண்களை விரும்பிய இடத்துக்கு மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தது. 2024 புத்தகமோ எண்களைப் பிறப்பிலிருந்து எடுத்து, முன்வாழ்க்கையில் வைத்துவிட்டது. அறிஞர் வாழ்க்கையிலிருந்து வரும் ஓர்க் நல்ல மந்திரவாதி ஆகலாம். இதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் படைவீரனாக இருந்தவருக்கு உடல்பலம், சுறுசுறுப்பு, தாங்கும் சக்தி இவற்றில்தான் கூடும். போரைப் பார்த்து வெறுத்து ஏட்டைக் கையில் எடுத்தவனுக்கு அறிவு கூடாது. சுரங்கத்தை விட்டு வந்த அந்தக் குள்ளனின் கதையும் இதே மாதிரிக் கதைதான். சொந்தமாக ஒரு முன்வாழ்க்கையை உருவாக்கும் வழி இருக்கிறது. ஆனால் அது டன்ஜன் மாஸ்டருக்கான கையேட்டில் இருக்கிறது. அதாவது மறுபடியும் ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

அடுத்த திருத்தம் வரும்போது அந்தப் பக்கத்தை ஆட்டக்காரர் கையேட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று நான் எழுதிக் கேட்பேன். மகளும் அவள் தோழர்களும் கேட்பார்கள். முதல் தடவையாக மேஜைக்கு வருகிறவர் தன் கதையைச் சொன்னவுடன், அதற்குப் புத்தகத்தில் இடம் இருக்கிறதா என்று இன்னொருவர் தேடிப் பார்க்கும் நிலை வரக்கூடாது. அவர் கையில் இருக்கும் புத்தகமே அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.