காது கேளாதவர் கேட்ட கேள்விகள்

கேள்வி: காது அறவே கேட்காத ஒருவர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து என்ன சாதித்துவிட முடியும்?

பதில்: காது நன்றாகக் கேட்பவர்கள் சாதிக்காததைச் சாதிக்கலாம். பிரிட்டனின் ஜாக் ஆஷ்லி சாதித்தார். 14 வயதில் பள்ளியை விட்டு ஆலை வேலைக்குப் போனவர். பிறகு கேம்பிரிட்ஜ் வரை படித்து, 1966-இல் தொழிற்கட்சி சார்பில் நாடாளுமன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டே, செவிப்பறை ஓட்டையைச் சரிசெய்யப் போன சாதாரண அறுவைச் சிகிச்சையில் கேட்கும் திறன் மொத்தமும் போய்விட்டது. பதவி விலகவே நினைத்தார். தொகுதிக்காரர்களும் சக உறுப்பினர்களும் விடவில்லை. உதட்டசைவைப் படிக்கக் கற்றுக்கொண்டு அவைக்குத் திரும்பினார். எதிரில் பேசுபவர் தலையைத் திருப்பினால் பாதி வாக்கியம் போச்சு. தன் குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதும் தெரியாது. எத்தனை பெரிய துணிச்சல்!

அவர் சாதித்ததில் ஒன்றைச் சொல்கிறேன். தாலிடோமைடு மாத்திரையைக் கர்ப்பத்தில் விழுங்கிய தாய்மார்கள் பலருக்குக் கைகால் வளராத குழந்தைகள் பிறந்தன. மாத்திரையை விற்ற டிஸ்டில்லர்ஸ் நிறுவனம் இழப்பீட்டைக் கிள்ளிக் கொடுக்கப் பார்த்தது. 1972 நவம்பரில் அந்தக் குழந்தைகளுக்காக அவையில் விவாதத்தைத் தொடங்கிவைத்தவர் ஆஷ்லி. ‘சண்டே டைம்ஸ்’ இதழும் விடாமல் எழுதியது. அடுத்த ஜனவரியில் நிறுவனம் 2 கோடி பவுண்டு தர முன்வந்தது.

செவித்திறன் இழந்த பிறகும் ஆஷ்லியின் தொகுதி 1992 வரை அவரையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. உங்கள் தொகுதியில் மாற்றுத்திறனாளி ஒருவர் போட்டியிட்டால், அவர் பேச்சை ஒருமுறை போய்க் கேளுங்கள்.