ஐந்து டிக்கெட், இரண்டு அறை: குடும்பச் சுற்றுலாவியலில் ஓர் ஆய்வு

பொருள் தேடிக் கடல் கடக்கும் தலைவன் தலைவியை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் விதிக்கிறது. இது உரையாசிரியர் இளம்பூரணர் கொண்ட பொருள். இன்னோர் உரையாசிரியரான நச்சினார்க்கினியர் வேறு வழியில் போகிறார். இந்தத் தடைக்கான காரணத்தை மரபிலும் ஒழுக்கத்திலும் தேடியவர்கள் உண்டு. வீட்டில் ஐந்து பேருக்கும் டிக்கெட் எடுத்தால் என்ன ஆகும் என்ற கோணத்தில் அதை ஆராய்ந்தவர்தான் இல்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கான மாதிரி, திருச்சி உறையூரில் வசிப்பதாகக் கற்பித்துக்கொண்ட ஒரு குடும்பம்: கணவன், மனைவி, கணவனின் அம்மா (பிள்ளைகளுக்கு அப்பாயி), 13 வயது மகள், 9 வயது மகன். இலக்கு கோலாலம்பூர், நான்கு இரவுகள். திருச்சியைத் தேர்ந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த விமான நிலையத்தில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகளே அதிகம். 2024 ஜனவரி 2 அன்று திறந்த புது முனையத்தில் நின்றால், சென்னைக்குப் போகிறவரைவிடச் சிங்கப்பூருக்குப் போகிறவரே அதிகம் கண்ணில் படுவார். கோலாலம்பூரைத் தேர்ந்ததற்குக் காரணம் விசா. 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா இந்தியர்களிடம் 30 நாள்வரை விசா கேட்பதில்லை. காலக்கெடு வைத்து நீட்டிக்கப்படும் சலுகை என்பதால், பணம் கட்டுமுன் நடப்பு நிலவரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூருக்கு விசா வேண்டும், தலைக்கு 30 சிங்கப்பூர் வெள்ளி கட்டணமும் வேண்டும். ஐந்து தலைகள் என்கிறபோது அது சிந்திக்க வைக்கும் தொகை.

இக்கட்டுரை நிறுவ வரும் கோட்பாடு இதுதான்: குடும்பப் பயணத்தில் மிச்சம் பிடித்த பணம் அழிவதில்லை, வேறொரு செலவாகவோ, வீட்டில் வேறொருவர் தலையில் விழும் வேலையாகவோ உருமாறுகிறது. இதற்கு ‘மிச்சம் அழியாமைக் கோட்பாடு’ என்று பெயரிடலாம்.

முதலில் டிக்கெட். விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கைக்காரர்கள் இருவேறு விலை கொடுத்திருப்பது ஏன் என்ற கேள்விக்கான விடையை 1977இலிருந்து தொடங்கலாம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அந்த ஆண்டு ‘சூப்பர் சேவர்’ என்ற தள்ளுபடிக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. 30 நாள் முன்பே வாங்க வேண்டும், குறைந்தது ஏழு நாள் தங்கிவிட்டுத் திரும்ப வேண்டும் என்று நிபந்தனை. குடும்பத்தோடு போகிறவருக்கு இது ஒத்துவரும். செவ்வாய்க்கிழமை போய்ப் புதன்கிழமை திரும்பும் அதிகாரிக்கு ஒத்துவராது, அவர் முழு விலை கொடுப்பார். 1978இல் அமெரிக்க அரசு கட்டணக் கட்டுப்பாட்டைக் கைவிட்டதும் இந்தத் தந்திரம் கணினிக்குள் புகுந்து தனி வித்தையாக வளர்ந்தது. 1981இல் மலிவு விமானமாகப் பறக்கத் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற கம்பெனி, பெரிய கம்பெனிகள் சில இருக்கைகளை மட்டும் அதே மலிவு விலைக்கு விற்கத் தொடங்கியதும் தாக்குப்பிடிக்க முடியாமல் 1987இல் மறைந்தது.

அந்த வித்தையின் பேரப்பிள்ளைதான் இன்று உறையூர்க் கணவனை இரவு பதினொன்றரை மணிக்குத் திரையின் முன் உட்கார வைத்திருக்கிறது. ஒரே வகுப்பு இருக்கைகளையே கம்பெனி பல விலைப் பெட்டிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. குறைந்த விலைப் பெட்டி தீர்ந்தால் அடுத்த பெட்டி திறக்கும். இதில் குடும்பஸ்தர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. மலிவுப் பெட்டியில் மூன்று இருக்கைகள்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம், விலை 7,000 ரூபாய். அடுத்த பெட்டி 9,500. ஐந்து பேருக்கு ஒன்றாகக் கேட்டால், பெரும்பாலும் ஐந்து பேருக்கும் இடமுள்ள பெட்டியைத்தான் கணினி காட்டும்: 47,500 ரூபாய். மூன்று பேருக்குத் தனியாகவும் இருவருக்குத் தனியாகவும் எடுத்தால் 21,000 கூட்டல் 19,000, ஆக 40,000. “ஏங்க, நேத்து ஒருத்தருக்குப் பார்த்தப்ப ஏழாயிரம்தானே காட்டுச்சு?” என்ற மனைவியின் கேள்விக்கு விடை இந்தப் பெட்டிக் கணக்கில் இருக்கிறது. “நீ திரும்பத் திரும்பத் தேடினதாலதான் ஏறிடுச்சு” என்று அவர் மீதே பழியைப் போடும் கணவர்கள் உண்டு. நாட்டார் வழக்காற்றியலார் சேகரித்து வைக்க வேண்டிய நம்பிக்கை அது.

சரி, 7,500 ரூபாய் மிச்சம். கோட்பாட்டின்படி அது எங்கே போயிற்று? டிக்கெட் இரண்டு பதிவாக உடைந்ததால் இருக்கைகளும் உடைந்தன. இருக்கைக்குத் தனிக்கட்டணம் கட்டாதவர்களை மலிவு விமானம் தன் விருப்பப்படி இறைத்துவிடும். மகன் 9ஆம் வரிசை, அப்பாயி 27ஆம் வரிசை. ஆகவே இருக்கைக்கும் பணம். பிறகு பெட்டிக்கு, சோற்றுக்கு, இணையத்தில் பணம் கட்டுகிற ‘வசதி’க்கு. மலேசிய மலிவு விமானக் கம்பெனியான ஏர் ஏசியாவை டோனி பெர்னாண்டசும் கூட்டாளிகளும் 2001இல் 4 கோடி ரிங்கிட் கடனோடு சேர்த்து ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார்கள். விமானக் கம்பெனியே ஒரு ரிங்கிட்டுக்குக் கிடைத்த வரலாறு இருக்கலாம். அதன் உள்ளே ஒரு பாட்டில் தண்ணீர் அந்த விலைக்குக் கிடைத்ததாகச் சான்று இல்லை.

கைப்பைக்கு 7 கிலோ. இங்கே ஆய்வு அடுக்களைக்குள் நுழைகிறது. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று பிடிபட்டபின் கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி உலகெங்கும் பரவியது. புளிக்காய்ச்சல் திரவமா, திடமா? அப்பாயி கட்சி: கரண்டியில் எடுத்தால் சொட்டாது, ஆகவே திடம். பாதுகாப்புச் சோதனையாளர் கட்சி: பசையும் களியும் திரவக் கணக்கே. பின்னது வெல்லும் என்பதால் அதைச் சரக்குப் பெட்டியில் வைப்பதே அறிவு. ஆனால் கொப்பரைத் தேங்காயை அந்தப் பெட்டியிலும் வைக்கக்கூடாது. எண்ணெய்ப் பசை மிகுந்து தீப்பற்றும் பொருள் என்று 2022இல் இந்தியா அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. தேங்காய்ப் பொடி செய்து எடுத்துப்போகலாம் என்று திட்டமிட்டிருந்த அப்பாயிக்கு இது அரசாங்கம் தன் மீது தொடுத்த நேரடித் தாக்குதல்.

பெயர் விஷயத்தில் தமிழருக்குச் சிறப்பாக உரிய ஒரு பகுதி வருகிறது. பதிவுப் பக்கம் குடும்பப்பெயரைக் கேட்கிறது. உறையூர்க் கணவனுக்கு இருப்பது ஓர் இனிஷியலும் ஒரு பெயரும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் சில வேளை அப்பா பெயராக விரிந்திருக்கும், சில வேளை குடும்பப்பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் பல பதிவுப் பக்கங்கள் அடுத்த பக்கம் போகாது. ஆகவே சில கம்பெனிகள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்கின்றன, சில வேறு குறியீடு கேட்கின்றன. அந்தந்தக் கம்பெனியின் விதியைப் படித்துவிட்டு நிரப்புவதே வழி. இது வெறும் எழுத்து வேலை அன்று. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, துபாய்க்குப் பெட்டி கட்டியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல திகைத்து நின்றன.

மாதிரியில் சேராத வீடுகளுக்கு ஒரு துணைவிதி. இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் பறக்கலாம். பயணத்தின் நடுவில் பிறந்த நாள் வந்தால், போகும்போது மடி, வரும்போது முழு இருக்கை. 12 நிறைந்தால் விமானத்துக்கு அது பெரிய ஆள். பிறந்த நாளைக் கோலாலம்பூரில் கொண்டாடலாம் என்று மனைவி சொன்னால், கணவன் உடனே தலையாட்டாமல் பஞ்சாங்கத்தைப் பார்ப்பது நலம்.

இனிச் சிறுபொழுது. மலிவு விமானங்கள் நள்ளிரவை விரும்புகின்றன. திருச்சியில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பினால், ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம், மலேசியக் கடிகாரம் இரண்டரை மணி முன்னே, ஆக விடியற்காலை ஆறு, ஆறரை. இந்த இரண்டரையில் ஓர் அரை மணி பிற்சேர்க்கை. 1981 முடியும்வரை தீபகற்ப மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். கிழக்கு மலேசிய மாநிலங்களான சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒத்துப்போக 1982 பிறந்த நொடியில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. அன்று தொலைந்த அரை மணித் தூக்கத்தைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இன்றுவரை தவணையில் கட்டிக்கொண்டிருக்கின்றன.

ஆறு மணிக்கு இறங்கியாயிற்று. ஓட்டல் அறை எப்போது? பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணி. இந்த ஒன்பது மணி நேரம்தான் குடும்பச் சுற்றுலாவியலின் இருண்ட காலம். நான்கு இரவு வாடகை என்று கணக்கிட்டவர்கள், பல் துலக்காத ஐந்து பேர் ஓட்டல் வரவேற்பறைச் சோபாவில் சாய்ந்திருக்கும் காட்சியைக் கணக்கில் எடுப்பதில்லை. அனுபவசாலிகள் பெட்டிகளை ஓட்டலில் ஒப்படைத்துவிட்டு நேராகப் பத்துமலை போய்விடுகிறார்கள். கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இருந்து ரயில் போகிறது, படியேற டிக்கெட் இல்லை, 2006இல் எழுப்பிய 42.7 மீட்டர் முருகன் சிலையையும் இலவசமாகவே பார்க்கலாம். மலைக்கோட்டையின் நானூற்றுச் சொச்சம் படிகளைச் சொல்லி உள்ளூரில் பல வருடமாக முழங்கால் வலி காட்டிவந்த அப்பாயி, இங்கே 272 படிகளையும் ஏறிவிட்டு “இவ்வளவுதானா?” என்று கேட்பது மருத்துவத் துறை ஆராய வேண்டியது.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு வருவதிலும் ‘ஐந்து’ என்ற எண் வேலை செய்கிறது. விரைவு ரயில் இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடம், பெரியவருக்கு 55 ரிங்கிட். ஒருவருக்கு அது வசதி. குடும்பத்துக்கு வாடகைக் கார் மலிவு. ஆனால் சாதாரணக் காரில் நால்வர்தான். ஐந்தாமவருக்காகப் பெரிய வண்டி. பேருந்து இவை இரண்டையும்விட மலிவு, ஒரு மணி நேரம் ஆகும், பெட்டி தூக்குவது கணவன்.

ஓட்டல் விலையிலும் இதே கதை. ஓர் அறைக்கு இருவர் என்று உலகம் தீர்மானித்துவிட்டது. ஐந்து பேருக்கு இரண்டு அறை, ஒரு கூடுதல் கட்டில். வெளிநாட்டவர் தங்கும் ஒவ்வோர் அறைக்கும் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி 2017 செப்டம்பரிலிருந்து உண்டு. இணையத்தில் பார்த்த விலையில் பெரும்பாலும் அது இருக்காது. இரண்டு அறை, நான்கு இரவு, 80 ரிங்கிட் கவுன்டரில். (சிங்கப்பூரில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். ஒன்று 10% சேவைக் கட்டணம், மற்றது 9% ஜிஎஸ்டி. இவ்வளவு சிறிய எழுத்தில் இவ்வளவு பெரிய பொருளை அடக்கியது வேறு எங்கும் காணக்கிடைக்காது.) சமையலறையும் துணி துவைக்கும் எந்திரமும் உள்ள அடுக்குமாடி வீடு எடுத்தால் ஐந்து பேரும் ஒரே கூரையின் கீழ், வாடகையும் குறைவு. கோலாலம்பூரில் இவை ஏராளம். ஆனால் சமையலறை என்று ஒன்று இருந்தால் அதில் யார் நிற்பது? மனைவியின் விடுமுறை அங்கே முடிந்து உறையூர் தொடங்கிவிடுகிறது. கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. இத்தனைக்கும் நகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் வாழையிலைச் சாப்பாடு, தெருவுக்குத் தெரு விடிய விடியத் திறந்திருக்கும் ‘மாமாக்’ எனப்படும் இந்திய முஸ்லிம் உணவுக்கடை, அதில் ரொட்டி சானாய். உறையூரிலிருந்து வந்த பருப்புப்பொடி பிரிக்கப்படாமலே திரும்புவதுதான் வழக்கம்.

இதெல்லாம் வேண்டாம், பேக்கேஜில் போகலாம் என்பாரும் உளர். அவர்களுக்கு வருமான வரித் துறை காத்திருக்கிறது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ் விலையில் ஒரு பங்கை விற்பவரே வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 2023 அக்டோபரில் அது 7 லட்சம் வரை 5%, அதற்கு மேல் 20% என்றானது. பிறகு பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடு செய்துகொள்ளலாம் என்பது உண்மையே. டிக்கெட்டும் ஓட்டலும் தனித்தனியே வாங்கினால் இந்தப் பிடித்தம் இல்லை. பதிலாகக் கணவனுக்கு இரண்டு மாதம் தூக்கம் இல்லை. எந்த வழியில் போனாலும் மலேசியாவின் மின்னணு வருகை அட்டையைப் போய்ச்சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், அது இலவசம். அதற்கும் காசு கேட்கும் பக்கம் கண்ணில் பட்டால் அது அரசாங்கத்துடையது அன்று.

எஞ்சியிருப்பது பாடபேதச் சிக்கல். திரும்பி வந்த வாரமே “மொத்தம் எவ்வளவு ஆச்சு?” என்று கேட்பார்கள். கிடைக்கும் விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. எதிர்வீட்டாருக்குச் சொல்லப்படும் பாடத்தில் டிக்கெட் விலை மட்டும் உண்டு, அதுவும் 7,000 பெட்டியின் விலை. மனைவியின் தங்கைக்குச் சொல்லப்படும் பாடத்தில் ஓட்டலும் சேரும். இரட்டைக் கோபுரத்தடியில் வாங்கிய கைக்கடிகாரம் இடம்பெறாது. அப்பாயி தெருவில் சொல்லும் பாடத்தில் எல்லாமே இரட்டிப்பு, மகன் பெருமைக்காக. நான்காம் பாடம் கிரெடிட் கார்டு பட்டியலாக அடுத்த மாதம் வரும். ஒவ்வொரு ரிங்கிட் செலவின் கீழும் அந்நியச் செலாவணிக் கட்டணம், அந்தக் கட்டணத்தின் மேல் 18% ஜிஎஸ்டி என்று உரையும் விளக்கவுரையும் அதில் உண்டு. மூலத்துக்கு மிக நெருக்கமானது இதுவே என்பது ஆய்வாளர் துணிபு. பிரதி ஒன்றுதான் இருக்கிறது, அது கணவனின் மின்னஞ்சலில், கடவுச்சொல்லுக்குப் பின்னால்.