துண்டு போட்டு இடம் பிடித்தல்: 1066ஆம் ஆண்டை முன்வைத்து

பேருந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டை எறிந்தவருக்கும், படியேறிப் போய் அதன்மேல் உட்கார்ந்துவிட்டவருக்கும் இடையிலான உரிமைச் சிக்கல் 1066இல் இங்கிலாந்தில் விரிவாக ஆராயப்பட்டது. ஆராய்ந்தவர்களில் பலர் உயிரோடு திரும்பவில்லை.

சனவரி 5இல் எட்வர்ட் மன்னர் பிள்ளையில்லாமல் இறந்தார். மறுநாள், அடக்கம் முடிந்த கையோடு, மைத்துனர் ஹெரால்டு முடிசூடி உட்கார்ந்துவிட்டார்.

நார்மண்டிக் கோமகன் வில்லியம் போட்டிருந்தது இரட்டைத் துண்டு. அரியணையை எட்வர்டே தமக்குத் தருவதாகச் சொன்னாராம். ஹெரால்டும் புனிதச் சின்னங்களைத் தொட்டுச் சத்தியம் செய்தாராம். இரண்டையும் அழுத்திச் சொல்பவர்கள் நார்மன் தரப்பினரே. நார்வே மன்னர் ஹார்ட்ராடாவினுடையது பழந்துண்டு: அவருடைய அண்ணன் மகன் மாக்னஸ் முன்னொரு மன்னருடன் செய்துகொண்ட உடன்படிக்கை. ரத்த உறவில் நெருங்கியவன் எட்கர், சிறுவன். நெரிசலில் சிறுவர்களை யாராவது மடியில் வைத்துக்கொள்வதே மரபு.

ஹெரால்டு கோடை முழுக்கத் தென்கரையில் வில்லியமுக்காகக் காத்திருந்தார். உணவு தீர்ந்து செப்டம்பர் 8இல் படையைக் கலைத்தார். அதே மாதம் வடக்கே ஹார்ட்ராடா வந்து இறங்கினார். கூடவே ஹெரால்டின் சொந்தத் தம்பி டாஸ்டிக். ஹெரால்டு ஓட்டமாய் வடக்கே போய், 25ஆம் தேதி ஸ்டாம்ஃபோர்டு பாலத்தில் அவர்களை மடக்கினார். வெயில் என்று நார்வேக்காரர்கள் இரும்புச் சட்டைகளைக் கப்பலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தனர். சுமார் 300 கப்பல்களில் வந்தவர்கள் திரும்ப 24 போதுமானதாயிற்று.

மூன்றாம் நாள், காற்று திரும்பி, வில்லியம் பெவென்ஸியில் கரையேறினார். ஒரு சண்டைக்காக எழுந்து போனவர் மறுபடி உட்கார முடிவதில்லை என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. அக்டோபர் 14இல் ஹேஸ்டிங்ஸில் ஹெரால்டு மாண்டார். பெரியவர்கள் கூடி எட்கரைத் தேர்ந்தார்கள், பிறகு அவர்களே அவனை அழைத்துப்போய் வில்லியமிடம் பணிந்தார்கள்.

அரை மீட்டர் அகலம், 70 மீட்டர் நீளமுள்ள பேயோ பூத்தையல் துணியில் இக்கதை இன்றும் காணக் கிடைக்கிறது. உட்கார்ந்த பிறகு போடப்பட்ட துண்டு என்று அதை வகைப்படுத்தலாம்.

கிறிஸ்துமஸ் அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டு. ‘சம்மதமா?’ என்று இரு மொழிகளில் கேட்டதும் உள்ளே ஆரவாரம் எழுந்தது. கலவரம் என்று நினைத்த வெளிக்காவலர்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தீ வைத்தனர். கூட்டம் வெளியே ஓடியது; பாதிரியார்கள் சிலர் மட்டும் நின்று மீதிச் சடங்கை முடிக்க, வில்லியம் நடுங்கியபடி இருக்கையில் அமர்ந்திருந்தார்.