எருசலேம் மாமா

வில்லியனூர், பாகூர் பக்கம் பங்குக்கு ஒருவராவது இருப்பார், திருநாட்டுக்குச் சுற்றுலா போய் வந்தவர். விமானம் ஏறும்வரை அவருக்கும் ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. திரும்பி வந்தபின் எருசலேம் மாமாதான்.

போனது பத்து நாள். எகிப்து, யோர்தான் நாடு எல்லாம் சுற்றினார். வாயில் வருவதோ எருசலேமிலிருந்து எரிகோ, கும்ரான், சாக்கடல் என்று பஸ்ஸில் போன அந்த ஒரு நாள்தான். மற்ற நாள்களில் என்ன நடந்தது என்று கூடவே போன மாமிக்கும் ஞாபகமில்லை.

"எரிகோ எவ்ளோ தூரங்கற? இங்கேந்து விழுப்புரம் போற மாதிரிதான் தம்பி. ஆனா ஒரே எறக்கம், காது அடைச்சிக்கும்."

வழியில் நல்ல சமாரியர் சத்திரம் என்று ஓர் இடம் காட்டுகிறார்கள்.

"அது இயேசு சொன்ன உவமைதானே மாமா?"

"உவமையா? ரோட்டோரமா இருக்குடா. டிக்கெட்டே போட்டிருக்கான்!"

இதற்கு மேல் எந்த மறைக்கல்வி ஆசிரியர் வாதாட முடியும்?

எரிகோவில் சக்கேயு ஏறிய காட்டு அத்தி மரம் என்று ஒன்றைப் பார்த்திருக்கிறார். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஞாயிறு பூசையில் சக்கேயு வாசகம் வரும். அன்று மாமாவின் பெஞ்சில் யாரும் உட்காரக் கூடாது. சாமியார் மரத்தில் ஏறுவதற்குள் இவர் செல்போனில் அந்த மரத்தைக் காட்டி முடித்திருப்பார்.

கும்ரானில் 1947இல் ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் குகைக்குள் பழைய ஏட்டுச்சுருள்களைக் கண்டெடுத்த கதையை ரசித்துச் சொல்வார். காணாமல் போன ஆட்டைத் தேடப் போனானாம். பாகூர் ஏரிக்கரையில் மாமாவின் ஆடும் காணாமல் போனதுண்டு. கிடைத்தது பங்காளிச் சண்டை.

சாக்கடலுக்கு வந்ததும் குரல் தாழ்ந்துவிடும். கடல்மட்டத்துக்கு 430 மீட்டர் கீழே! ஏதோ இவரே படிவெட்டி இறங்கியதுபோலச் சொல்வார். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு உப்பு என்பதால் யாரும் மிதக்கலாம். ஏரியில் முழங்காலுக்கு மேல் இறங்காத மாமா அங்கே மல்லாந்து மிதந்தார். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, திரு இருதய ஆண்டவர் பக்கத்தில் மாட்டிவிட்டார். உடம்பெல்லாம் சேறு, இடுப்பில் ஜட்டி. வீடு மந்திரிக்கச் சாமியார் வந்த அன்று மாமி அதை பீரோவுக்குப் பின்னால் தள்ளியதோடு சரி.

யோர்தான் ஆற்றைப் பற்றி மட்டும் அவருக்கு மனக்குறை. "நம்ம சங்கராபரணியே அதவிட அகலம்பா." ஆனாலும் பாட்டிலில் பிடித்து வந்தார். உறவெல்லாம் கொடுத்தும் அந்தத் தண்ணீர் இன்னும் தீரவில்லை. 1877இல் கட்டிய லூர்து மாதா கோயில் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான்; அதன் எதிரே குளமும் இருக்கிறது. மாமிக்குச் சந்தேகம் உண்டு. சொல்ல மாட்டார்.

அந்த நாளில் பாதி, பஸ்ஸில் தலை எண்ணுவதிலேயே போயிருக்கும் என்பது என் கணக்கு. அதனாலென்ன? மீதிப் பாதியை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டுகிறாரே, அது சாமர்த்தியம்தான்.

வில்லியனூரில் பஸ் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒலிவமர ஜெபமாலை உருட்டுகிறவர் பக்கத்தில் சீட் காலியாக இருந்தால் தாராளமாக உட்காருங்கள். இறங்கவேண்டிய ஸ்டாப்பை மட்டும் கண்டக்டரிடம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.