சைக்கிள் தேசத்தில் ஒரு ஃப்ரீவீல்

ஐந்தோவன்,
நெதர்லாந்து.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"ஏரோப்பிளேன் ஏறிப் போயும் சைக்கிள்தானா மிதிக்கிறான்?" என்று பாட்டி அங்கலாய்த்ததாகத் தங்கை சொன்னாள். இங்கே ஜனத்தொகை சுமார் 1.8 கோடி, சைக்கிள் 2 கோடிக்கு மேல் என்று சொல்லுங்கள். பிரதமராக இருந்த மார்க் ருட்டேயே ஆபீசுக்குச் சைக்கிளில் போனவர். உத்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிறுத்த இடம் இருக்கிறது. எங்கள் ஊரில் சாலைச் சந்திப்புக்கு மேலே சைக்கிளுக்கென்றே ஒரு வட்டப் பாலம் 2012-ல் கட்டியிருக்கிறார்கள். கார்க்காரர்கள் கீழே போக வேண்டும், உங்கள் பிள்ளை மேலே போவான். பாட்டிக்கு இது போதும்.

சைக்கிள் கடைக்காரரான உங்களுக்குத் தொழில் சமாச்சாரம். என் வண்டி கஸெல், 1892-ல் தொடங்கிய இந்நாட்டுக் கம்பெனி. 1980-களில் வந்த வண்டி, பின்னால் ஃப்ரீவீலில் ஆறு பல்சக்கரம். பழைய சாமான் கடையில் 60 யூரோவுக்கு வாங்கினேன். மேடே இல்லாத நாட்டில் கியர் எதற்கு என்பீர்கள். அந்தக் குறையைக் காற்று தீர்த்துவைக்கிறது. கடலோரத் தடுப்பணை மேல் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கத் தேசியப் போட்டியே நடத்துகிறார்கள். பலத்த காற்று வரும் என்று உறுதியானால்தான் தேதியே குறிப்பார்கள். நம்மூரில் புயல் என்றால் பள்ளிக்கூடம் லீவு, இங்கே போட்டி.

இப்படியொரு காற்றில் எழுந்து நின்று மிதிக்கும்போதுதான் செயின் 'டக் டக்'கென்று பல் தாவ ஆரம்பித்தது. நீங்கள் சொல்லித்தந்தபடி ஸ்கேல் வைத்து அளந்தேன். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். வீசம் அங்குலம் நீண்டால் செயினை மாற்று, அரைக்கால் அங்குலம் நீண்டால் பல்லும் போச்சு என்பீர்களே, என் செயின் அரைக்காலையும் தாண்டிவிட்டது. ஃப்ரீவீல் பல்லெல்லாம் ஒரு பக்கமாகத் தேய்ந்து கூராகி நின்றது. செயினை மட்டும் புதிதாகப் போட்டால் பழைய பல்லில் உட்காராது. இரண்டையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும்.

பக்கத்துக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். தரையில் ஒரு சொட்டு கிரீஸ் இல்லை, மெக்கானிக் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். அப்போதே வயிற்றைக் கலக்கியது. அப்பாயின்ட்மென்ட் இரண்டு வாரம் கழித்துத்தானாம். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, சாமானும் கூலியுமாக 85 யூரோ என்றார். "வண்டியே 60தானே?" என்றேன். "அதனால்தான் புதிது வாங்குங்கள்" என்றார் மிகுந்த அன்போடு. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஷிமானோ கம்பெனி 1978-ல் சக்கரத்தின் ஹப்பிலேயே ஃப்ரீவீல் வேலையை அடக்கி ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தது. மரையில் திருகி ஏற்றும் நம்ம ரகம் அதன்பிறகு மெல்ல ஒதுங்கிவிட்டது. அவர் பிறந்ததே அதற்குப் பின்னால்தான் இருக்கும்.

இந்தக் கூலிக்குப் பயந்தவர்களுக்கு இங்கே ஒரு புகலிடம் உண்டு, ரிப்பேர் கஃபே என்று பெயர். 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா என்ற அம்மையார் தொடங்கியது, இப்போது பல ஊர்களில் நடக்கிறது. உடைந்ததைக் கொண்டுபோனால், விஷயம் தெரிந்தவர்கள் கூட உட்கார்ந்து சரிசெய்ய உதவுவார்கள். கூலி கிடையாது. காபி, கேக் வேறு.

எனக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர், எழுபதைத் தாண்டியவர். ஃப்ரீவீல் என்றதும் முகம் மலர்ந்து, ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே முழுக்கக் கழற்றும் கருவிகள். ஷிமானோவுக்கு 12 வரி, சன்டூரில் இரண்டு காடி ஒரு ரகம், நான்கு காடி இன்னொரு ரகம், பிரெஞ்சுக்காரர்களுக்குத் தனி. மரையிலும் கோத்திரம் உண்டு. இங்கிலீஷ் மரை 1.37 அங்குலம் விட்டம், அங்குலத்துக்கு 24 புரி. பழைய பிரெஞ்சு மரை 34.7 மில்லிமீட்டர், மில்லிமீட்டருக்கு ஒரு புரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றி ஏற்றினால் ஹப் காலி. இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் என் சக்கரத்தையே தொட்டார்.

ஃப்ரீவீல் மிதிக்க மிதிக்க இறுகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? எனக்கு முன் ஓட்டிய அத்தனை பேரும் எதிர்க்காற்றில் மிதித்த மிதியெல்லாம் அந்த மரையில் இருந்தது. கருவியைக் காடியில் பொருத்தி, நழுவாமல் அச்சு நட்டை வைத்து முடுக்கி, வைஸில் கவ்வவைத்து, சக்கரத்தை அதன்மேல் படுக்கப்போட்டோம். ஆளுக்கொரு பக்கம் ரிம்மைப் பிடித்து, கொண்டை ஊசி வளைவில் மலைப்பாதை பஸ் டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிப்பதுபோல் இடப்பக்கம் ஒடித்தோம். அசையவில்லை. எண்ணெய் விட்டு, அது ஊறும்வரை காபி குடித்தோம். மறுபடி ஒடித்தபோது 'டமார்' என்றது. கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தி, நட்டைக் கழற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு திருக விட்டார். புதியது 14 முதல் 28 பல் வரை. மரைக்குக் கிரீஸ் தடவிக் கையாலேயே ஏற்றினோம், மீதியை மிதி இறுக்கிக்கொள்ளும். செயினும் சேர்த்து மொத்தச் செலவு 32 யூரோ.

கை கழுவும்போது, "உங்கள் ஊரில் எந்தக் கருவி?" என்று கேட்டார். "சித்தப்பா உளியும் சுத்தியும் வைத்து நாலு தட்டுத் தட்டுவார், கழன்றுவிடும்" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "காடி சிதையாதா?" "அவர் தட்டினால் சிதையாது." "அப்பாயின்ட்மென்ட்?" "ஸ்டூலில் உட்கார்ந்தால் போதும், டீயும் வரும்." கூலியைச் சொன்னேன். யூரோவில் கணக்குப் போட்டுப் பார்த்து, தசமப் புள்ளியை இரண்டு தடவை சரிபார்த்தார். "நேரில் பார்த்தால்தான் நம்புவேன்" என்றார்.

பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். நேற்று போன் செய்து, விசா வந்துவிட்டது, பொங்கல் சமயத்தில் நம்மூருக்கு வருகிறேன் என்கிறார். கடையைக் கூட்டிப் பெருக்க வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும். நன்றாகத் துருப்பிடித்த பின்சக்கரமாக ஒன்றை மட்டும் எடுத்துவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்.

பி.கு.: வெள்ளைக்காரர் என்று கூலியை ஏற்றிச் சொல்லிவிடாதீர்கள். ரேட்டை நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.